நர்சிங் சேரும் தங்கைக்கு டேப் வேண்டுமா, போன் போதுமா?

12 அக்டோபர் 2024, இரவு 9.10 – கேள்வி

தங்கைக்கு பி.எஸ்சி. நர்சிங் சீட் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டும். டேப் இல்லாமல் படிக்கவே முடியாது, சீனியர் அக்காக்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இருபதாயிரம் வரை புரட்டிவிடலாம். ஆனால் ஃபீஸ் கட்டியதிலேயே கை காய்ந்து கிடக்கிறது. அவளிடம் சுமாரான போன் ஒன்று இருக்கிறது. டேப் உண்மையிலேயே அவசியமா? இந்தப் படிப்பு படித்தவர்கள் சொல்லுங்கள்.

12 அக்டோபர், இரவு 11.35

வாங்காதீர்கள் அண்ணா. முதல் வருடமாவது வாங்காதீர்கள்.

நான் 2019-இல் முடித்தவள். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். முதல் வருடம் முழுக்க பெட் மேக்கிங், டி.பி.ஆர். (உடல் சூடு, நாடி, மூச்சு) பார்ப்பது, ஸ்பாஞ்ச் பாத், ரெக்கார்டு எழுதுவது என்று போய்விடும். அந்தக் காசில் ஒரு நல்ல ஸ்டெதஸ்கோப், பி.பி. அப்பாரட்டஸ், நாள் முழுக்க நின்றாலும் கால் கடிக்காத ஷூ, வினாடி முள் உள்ள வாட்ச் வாங்கிக் கொடுங்கள். மிச்சம் இருந்தால் பேங்கில் போடுங்கள். இரண்டாம் வருடம் அவளே சொல்வாள் என்ன வேண்டும் என்று.

13 அக்டோபர், காலை 7.50

நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். முதலில் காலேஜ் விதி என்னவென்று கேளுங்கள். நிறைய இடங்களில் வார்டுக்குள் மாணவிகள் போன் கொண்டுபோகக் கூடாது. ஹாஸ்டலில் சில வார்டன்கள் போனை வாங்கி அலமாரியில் பூட்டி, சாயங்காலம் ஒரு மணி நேரம் தருவார்கள். எங்கள் ஹாஸ்டலில் அப்படித்தான். ஆறு முதல் ஏழு வரை. அந்த ஒரு மணி நேரத்தில் அம்மாவிடம் பேசுவதா, பாடம் தேடுவதா? அம்மாதான் ஜெயிப்பார். இருபதாயிரம் ரூபாய் டேப் அலமாரியில் தூங்குவதற்கு எதற்கு?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது நான் இரண்டாம் வருடம். அதுவரை ஒரு ஜி.பி. டேட்டாவை மாதம் முழுக்க உப்பு மாதிரி கிள்ளிக் கிள்ளிப் போடுவோம். திடீரென்று எல்லாம் இலவசம். ஹாஸ்டலில் ஒரே வாரத்தில் ஒவ்வொருத்தியும் ரெண்டு போன். ஒன்றை வார்டனிடம் கொடுப்பது, இன்னொன்று தலையணை உறைக்குள். (வார்டனுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.)

13 அக்டோபர், மாலை 5.20

"அப்போ போனே வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. போன் நிச்சயம் உதவும். ஆனால் அது எப்படிக் காலை வாரும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். என் கதையையே சொல்கிறேன்.

படிக்கும்போது நைட் போஸ்டிங், அதாவது இரவு வார்டுப் பயிற்சி. 500 மி.லி. நார்மல் சலைன், எட்டு மணி நேரத்தில் போக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இரவு பத்துக்குப் போட்டோம். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்பது எளிய கணக்கு: மொத்த மி.லி.யை செட்டின் (பாட்டிலில் மாட்டும் டியூப்) சொட்டு எண்ணால், அதாவது ஒரு மி.லி.க்கு அது விடும் சொட்டுகளால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் எனக்கு வகுக்க சோம்பல். போனில் ஒரு ஆப் இருந்தது. 500, 8 என்று தட்டினேன். 16 என்றது. நானும் வாட்சைப் பார்த்து பதினாறு சொட்டு வைத்துவிட்டு, ரொம்ப சரியாகச் செய்துவிட்ட திருப்தியோடு அடுத்த பெட்டுக்குப் போனேன்.

காலை ஆறு மணிக்கு பாட்டிலில் நூறு மி.லி.க்கு மேல் மிச்சம். ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, டியூப் மடங்கியிருக்கிறதா என்று எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. டியூட்டர் மேடம் வந்தார், போனை வாங்கிப் பார்த்தார். அந்த ஆப் தானாகவே ஒரு மி.லி.க்கு 15 சொட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் வார்டில் இருந்த செட் 20 சொட்டு. அதற்கு 21 சொட்டு வைத்திருக்க வேண்டும். 16 வைத்தால் அந்த பாட்டில் முடிய பத்தரை மணி நேரம் ஆகும்.

மேடம் திட்டவே இல்லை. ஒன்றுதான் கேட்டார். "உறையைக் கிழிச்சுக் குப்பையில போடுறதுக்கு முன்னாடி படிச்சியா?"

உறையிலேயே அச்சடித்திருக்கும். 20 சொட்டு ஒரு மி.லி. சின்னச் சொட்டு விடும் மைக்ரோ செட் என்றால் 60. இன்றைக்கு வரைக்கும் எந்த செட்டைப் பிரித்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகக்கூடிய நோயாளியாக இருந்திருந்தால் இதை இவ்வளவு லேசாக எழுதியிருக்க மாட்டேன்.

அப்புறம் மேடம் சொல்லிக்கொடுத்த இன்னொரு வித்தை: பாட்டிலில் நீளவாக்கில் பிளாஸ்டர் ஒட்டி, 12 மணிக்கு இங்கே, 2 மணிக்கு இங்கே, 4 மணிக்கு இங்கே என்று கோடு போடுவது. தூரத்தில் இருந்தே தெரியும். சார்ஜ் போடத் தேவையில்லை.

14 அக்டோபர், காலை 8.15

இதே மாதிரி இன்னொரு வம்பு, இன்சுலின். யூடியூபில் இன்சுலின் போடுவது எப்படி என்று தேடினால் பெரும்பாலும் அமெரிக்க வீடியோ வரும். அதில் இருப்பது யு-100, அதாவது ஒரு மி.லி.யில் 100 யூனிட். நம் ஊரில் யு-40 குப்பியும் புழக்கத்தில் இருக்கிறது, ஒரு மி.லி.யில் 40 யூனிட். சிரிஞ்சும் தனித்தனி. யு-40க்கு சிவப்பு மூடி, யு-100க்கு ஆரஞ்சு மூடி. வீடியோ பார்த்துப் படித்த பிள்ளைக்கு இரண்டு நிறம் இருப்பதே தெரியாது. யு-40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும், சர்க்கரை தடாலென்று இறங்கும்.

மருந்துப் பெயர்களும் அப்படித்தான். நம் பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். சால்பியூட்டமால் அல்பியூட்டரால். பெத்திடின் மெபெரிடின். சர்க்கரை அளவு நமக்கு 126 என்றால் இங்கிலாந்துக்காரர்களுக்கு 7, ஏனென்றால் அலகு வேறு, அவர்கள் எண்ணை 18-ஆல் பெருக்க வேண்டும். ஒரு ஜூனியர் பிள்ளை இங்கிலாந்து வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "அக்கா, சுகர் 7 இருந்தா உயிரோட இருப்பாங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

14 அக்டோபர், பகல் 1.05

மேலே இன்சுலின் சிரிஞ்ச் பற்றி எழுதியது தப்பு. கீழே ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், நன்றி. தலைகீழாக எழுதிவிட்டேன்.

20 யூனிட் போட வேண்டும் என்று வையுங்கள். யு-40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 0.2 மி.லி. வரும். அதில் இருப்பது 8 யூனிட்தான். குறைவாகத்தான் போகும். ஆபத்து மறுபக்கம்: யு-100 இன்சுலினை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் அரை மி.லி., அதாவது 50 யூனிட். அதுதான் இரண்டரை மடங்கு.

ஐந்து வருடமாக தினம் இன்சுலின் போடுகிறேன், கையில் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. எழுதும்போது ஆகிறது. குப்பியும் சிரிஞ்சும் கண்முன் இருந்தால் மூளை தானாக நிதானிக்கும் போல. இல்லை, தூங்காமல் எழுதினால் இப்படித்தான் வரும் என்றும் சொல்லலாம். பழைய குறிப்பை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

14 அக்டோபர், இரவு 10.00

போட்டோ விஷயம். இதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாளாக யோசித்தேன்.

மூன்றாம் வருடம். கேர் பிளான் (நோயாளியை எப்படிக் கவனிப்பது என்ற திட்டம்) எழுதுவதற்கு கேஸ் ஷீட், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு வேண்டும். ஒரு கேஸ் ஷீட்டுக்கு டாக்டர், ஸ்டாஃப், ஹவுஸ் சர்ஜன், நாங்கள் எட்டுப் பேர். நம் கைக்கு வரும்போது பத்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். நான் பாத்ரூம் பக்கம் போய் நான்கு பக்கத்தைப் போனில் படம் எடுத்தேன். ராத்திரி பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று. பெயர், வயது, பெட் நம்பர், நோய், எல்லாம் தெளிவாக இருந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு நல்ல கேமரா வேறு.

குரூப்பில் இருந்த ஒருத்தியின் அண்ணன் அந்த நோயாளியின் ஊர். மிச்சத்தை ஊகித்துக்கொள்ளுங்கள். ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அந்த அம்மா மறைத்து வைத்திருந்த விஷயம் மூன்றே நாளில் அவர் மகள் காதுக்குப் போய்விட்டது. இன்சார்ஜ் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அந்த அம்மாவின் பெட் முன்னால் நிறுத்தினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எதுவும் சொல்லாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலேஜில் கடிதம் எழுதிக் கொடுத்தேன், ஒரு வாரம் போஸ்டிங் கிடையாது, அப்பாவை வரச்சொன்னார்கள். அதெல்லாம் மறந்துவிட்டது. அந்தத் திரும்பிப் படுத்ததுதான் மறக்கவில்லை.

15 அக்டோபர், காலை 6.40

நேற்று எழுதியதற்கு "போட்டோவே எடுக்காதீங்க, முடிஞ்சது" என்று நிறையப் பேர் போட்டிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் எட்டுப் பேருக்கு ஒரு கேஸ் ஷீட் கொடுத்துவிட்டு, நாளைக்கே கேர் பிளான் வேண்டும் என்று கேட்கிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் இல்லையா? என் தப்பை மறைக்க இதைச் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தத் தப்புக்கு வசதி செய்து கொடுத்தவர்களும் உண்டு.

அமெரிக்காவில், கேன்சஸ் மாநிலத்தில், 2010-இல் நர்சிங் மாணவிகள் சிலர் நஞ்சுக்கொடியோடு நின்று படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டு காலேஜை விட்டு நீக்கப்பட்டார்கள். படத்தில் அது யாருடையது என்று தெரியும்படி எதுவும் இல்லை. ஒரு மாணவி வழக்குப் போட்டார். 2011 ஜனவரியில் நீதிபதி திரும்பச் சேர்க்கச் சொல்லிவிட்டார். நான் அனுப்பியதை அதோடு வைத்துப் பார்த்தால், எனக்கு ஒரு வாரத்தோடு போனது எவ்வளவு சலுகை என்று புரிகிறது. இப்போது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு 2023-இல் நிறைவேறியிருக்கிறது.

இப்போது என்னிடம் வரும் மாணவிகளுக்கு நான் சொல்வது: சின்ன பாக்கெட் நோட்டில் எழுது, பெயர் எழுதாதே, பெட் நம்பரும் எழுதாதே, "55 வயது பெண்" போதும். அப்படியும் ஒருத்தி சாப்பாட்டு வேளையில் படம் எடுக்கிறாள். எனக்குத் தெரியும். நானும் அப்படித்தானே இருந்தேன்.

15 அக்டோபர், மாலை 4.30

சிறு குறிப்பு. கிளவுஸ் போட்ட கையால் போனைத் தொடக் கூடாது. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்வார்கள். ஒரு தடவை டிரெஸ்ஸிங் நடுவில் போன் அதிர, நான் கிளவுஸோடு பாக்கெட்டில் கைவிட்டேன். டியூட்டர்: "கிளவுஸ் உனக்கா, போனுக்கா?"

வார்டுக்குப் போய் வந்த போனை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துடைப்பான் கொண்டு துடைக்கலாம். ஆப்பிளே 2020-இல் அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. பூ வேலை செய்த துணிக் கவர், தொங்கட்டான் எல்லாம் கழற்றிவிடுங்கள். கையை ஹேண்ட் ரப் போட்டு இருபது முப்பது வினாடி தேய்த்துவிட்டு, அடுத்த நொடியே துடைக்காத போனை எடுத்தால், தேய்த்ததற்கு அர்த்தமே இல்லை.

15 அக்டோபர், இரவு 9.45

சித்தி மகள் மூன்றாம் வருடம் படிக்கிறாள். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு போன் செய்து சண்டை போட்டாள். "அக்கா, நீ படிச்ச காலம் வேற." அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதனால் என் முதல் குறிப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

ஒன்று, எனக்கு வருடத் தேர்வு. 2021-22 முதல் சேர்ந்தவர்களுக்கு செமஸ்டர். இரண்டாம் செமஸ்டரிலேயே நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று நர்சிங்கில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது பற்றி ஒரு பாடமே இருக்கிறது. இரண்டு, புத்தகம். மெடிக்கல் சர்ஜிக்கல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் மூன்றாம் மாடி ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதன் பி.டி.எஃப். ஆறு இன்ச் போனில் வாசிப்பது கடுகில் பெயர் எழுதுவது போல. இதயத்தின் படத்தைப் பெரிதாக்கினால் வால்வு தெரியும், வால்வின் பெயர் திரைக்கு வெளியே போய்விடும். பத்து இன்ச் டேபில் ஒரு பக்கம் முழுதாக நிற்கும்.

நான் விட்டுக்கொடுக்காதது குறிப்பெடுப்பது. அவள் இரண்டு வருடம் டேபில் பேனா வைத்து வண்ண வண்ணமாக நோட்ஸ் எடுத்தாள். பார்க்க கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகு. யுனிவர்சிட்டி பரீட்சையோ 75 மார்க், மூன்று மணி நேரம், காகிதத்தில், கையால். இரண்டாவது மணியில் கட்டைவிரல் பிடித்துக்கொண்டது என்று அவளே சொன்னாள். இப்போது தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் நோட்டுக்கு மாறிவிடுகிறாள்.

மறுபக்கமும் உண்டு. படிப்பு முடிந்த பிறகு வரும் தேர்வுகள் திரையில்தான். எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கு நடத்தும் நார்செட், வெளிநாடு போக நினைத்தால் அமெரிக்கா போன்ற இடங்களில் நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ், எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால். என்கிளெக்ஸில் 2023 ஏப்ரலில் இருந்து புது வகைக் கேள்விகள், ஒரு நோயாளியின் குறிப்பை நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். கடைசி வருடத்தில் டேப் இருந்தால் அதற்குப் பழகலாம்.

ஆக, முதல் வருடம் வேண்டாம், மூன்றாம் வருடம் யோசிக்கலாம். "இதைத்தானே நானும் சொன்னேன்" என்கிறாள் அவள். இல்லை, அவள் முதல் வருடமே வாங்கினாள்.

16 அக்டோபர், காலை 11.20

தலைப்பை விட்டு விலகுகிறது, ஆனாலும் சொல்கிறேன். போனையும் கம்ப்யூட்டரையும் மிகச் சரியாகப் பயன்படுத்தி நான் பார்த்தது ஒரு கிராம சுகாதார செவிலியரைத்தான். கம்யூனிட்டி போஸ்டிங்கில், அதாவது ஊர்ப் பக்கம் போகும் பயிற்சியில், அவரோடு ஊர் ஊராக நடந்தோம். கர்ப்பிணிகளை பிக்மி என்ற அரசுப் பதிவுத் தளத்தில் பதிவு செய்து ஒரு எண் வாங்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு இலக்க எண் இல்லாவிட்டால் பிறகு பிறப்புச் சான்றிதழுக்குத் திண்டாட்டம். அவர் கர்ப்பிணியின் வீட்டு வாசலில் உட்கார்ந்து முதலில் பேசுவார். அப்புறம் ரிஜிஸ்டரில் எழுதுவார். சிக்னல் கிடைக்கும் இடம் ஊரிலேயே ஒன்றுதான், தண்ணீர் தொட்டிப் பக்கம். சாயங்காலம் அங்கே நின்று மொத்தத்தையும் ஏற்றுவார்.

"முகத்தைப் பார்க்காம திரையைப் பார்த்தா, அந்தப் பொண்ணு மூணாவது மாசத்தை நாலாவது மாசம்னு சொல்லும். நமக்கும் தெரியாது" என்றார். அவர் கையில் ஒரு சாதாரண போன், கண்ணாடி கீறல் விழுந்தது.

16 அக்டோபர், மாலை 3.10

"நோயாளி முன்னால் போன் எடுத்தால் திட்டுவார்களா?" என்று கேட்டவருக்கு: திட்டுவார்கள். மருந்தின் டோஸ் சரிபார்க்கத்தான் எடுத்தேன், பக்கத்து பெட் பாட்டி சத்தமாக, "ஊசி போட வந்த புள்ள போனை நோண்டிக்கிட்டு நிக்குது" என்றார். அன்றிலிருந்து, "பாட்டி, உங்க மாத்திரையைத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லி திரையையும் காட்டிவிடுவேன். அவருக்கு ஒன்றும் புரியாது, ஆனால் சமாதானம் ஆகிவிடுவார். ஒரு பாட்டி பேரன் போட்டோவைக் காட்டச் சொன்னார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஸ்டாஃப் ஆன பிறகு நடந்தது: வடக்கிலிருந்து வந்த மில் தொழிலாளி, ஒடியா மட்டும்தான் பேசுவார். கூகுள் மொழிபெயர்ப்பில் 2020-இல் ஒடியா வந்திருந்தது. "வயித்தாலே போகுதா?" என்று தமிழில் தட்டி அவரிடம் நீட்டினேன். அவர் எழுத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர். கூட வந்தவர் படித்துவிட்டுச் சிரிசிரி என்று சிரித்தார். என்ன வந்திருந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்து, விரலை விட்டு எண்ணி, சைகையிலேயே ஏழு தடவை என்று வாங்கிவிட்டேன்.

18 அக்டோபர், இரவு 10.30

கேள்வி கேட்ட அண்ணா பதில் போட்டிருக்கிறார். டேப் வாங்கவில்லையாம், தங்கை இரண்டு நாள் பேசவில்லையாம், ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்ததும் அவர் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டுவிட்டு, "உனக்கு இதயம் இருக்கு" என்றாளாம். நன்றாக வருவாள்.

வாட்ச் தோல் ஸ்ட்ராப்பா, மெட்டலா என்று கேட்டிருக்கிறார். இரண்டும் வேண்டாம். ரப்பர். தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டி வரும். டயல் வெள்ளை, வினாடி முள் சிவப்பாக இருந்தால் நல்லது. ராத்திரி வார்டில் பாதி விளக்கை அணைத்துவிடுவார்கள், மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும்.